ஹேங் ஆகும் கம்ப்யூட்டர்: ஃபார்மெட்டுக்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்

வீட்டுக் கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்து நிற்கிறதா, கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்தவற்றில் பலரும் கேட்டது, ஃபார்மெட் செய்தால், அதாவது எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால், சரியாகிவிடுமா என்பதுதான். பல நேரம் ஆகாது. எப்போது, எப்படி நிற்கிறது என்று கவனித்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

செந்தூலிலிருந்து ஓர் அக்கா: ஏழு வருஷக் கம்ப்யூட்டர். திறந்தால் பத்து நிமிஷத்துக்கு மௌஸ் மட்டும் நகரும், வேறெதுவும் அசையாது. பிறகு தானாக ஓடும். மகன் ரேம் கூட்டச் சொல்கிறான், கடைக்காரர் ஃபார்மெட் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள், அக்கா. அது நிற்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். முதலில் மெமரியை, அதாவது ரேமைப் பாருங்கள். 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் மகன் கட்சி ஜெயித்தது. மெமரி நிரம்பினாலும் டிஸ்க் 100 காட்டும், அதனால்தான் இந்த வரிசை. மெமரியில் இடமிருந்து, கம்ப்யூட்டரின் மூளையான சிபியுவும் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100-இல் நின்றால் ஹார்ட் டிஸ்க்தான்.

வயதை வைத்துப் பார்த்தால் எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். உள்ளே தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்றுச் சுழல, படிக்கும் முனை அங்கும் இங்கும் ஓடித் தேடுகிறது. விண்டோஸ் திறந்ததும் அப்டேட்டும் ஆன்ட்டிவைரஸும் இன்னும் நாலு பேரும் ஒரே நேரத்தில் கேட்டால், கூட்ட நேரத்தில் மாமாக் கடையில் ஒரே ஆள் ரொட்டி சானாய் போடுகிற கதைதான். தட்டில் சில இடங்கள் கெட்டுப்போயிருந்தால் இன்னும் மோசம். டிஸ்க் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும், அதுவரை எல்லாமே நிற்கும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். ‘காஷன்’ என்று மஞ்சளில் காட்டினாலோ, ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ வரியில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தாலோ, அன்றைக்கே கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். அதுவரை ஃபார்மெட்டும் வேண்டாம், டிஸ்க்கைச் சோதிக்கும் செக் டிஸ்க்கும் வேண்டாம். தட்டு முழுவதையும் படிக்கவைத்தால், சாகக் கிடக்கும் டிஸ்க் அதிலேயே போய்விடலாம். நகல் எடுத்த பிறகு சுழலும் தட்டே இல்லாத 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாற்றுங்கள், கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் தாராளமாகக் கிடைக்கும். அந்தக் கடைக்காரர் இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

பட்டர்வொர்த் தம்பி: அண்ணே, படம் அப்படியே நிற்கிறது, ஸ்பீக்கரில் ‘ர்ர்ர்’ என்று சத்தம். பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்கிறேன். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று இருக்கிறது. பவர் சப்ளை மாற்றவா?

அந்த 41-ஐ நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். கம்ப்யூட்டர் ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. பட்டனை அழுத்தியது நீங்கள்தானே! அடுத்த முறை கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறினால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது. அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒருமுறை இருண்டு சரியானால் திரையில் படம் காட்டவைக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரைக் கவனியுங்கள். விளக்கு மாறவே இல்லையென்றால் ரேமிலிருந்து ஆரம்பிக்கலாம். கரண்டை எடுத்துவிட்டு, இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றி சில நாள் ஓட்டுங்கள், அப்புறம் மற்றதை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போடுவதானால் இரவு முழுக்க ஓடட்டும். ஒரு சுற்றில் தப்பு வரவில்லை என்பதை வைத்து ரேமுக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: மதியத்தில் மட்டும் நிற்கிறது, ராத்திரி ஏர்கோன் போட்டால் ஒரு தொல்லையும் இல்லை. பெட்டி சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அது காரணமாக இருக்குமா?

இருக்கும். சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் சிபியுவின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்கில் தூசி பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சாமியை நகர்த்த முடியாது, பெட்டியை நகர்த்துங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுங்கள், இரண்டுக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வேலை நேரத்தில் சிபியு 70, 80 டிகிரி காட்டினால் பயமில்லை. 95-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் விடாதீர்கள்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: பழைய டெஸ்க்டாப் ஒன்று விலைக்கு வருகிறது. இன்டெல் ஐ7, 13ஆம் தலைமுறை. அந்த வகை ஹேங் ஆகும் என்கிறார்களே?

1972-இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைத் திறந்ததே உங்கள் பினாங்கில்தான், அதனால் விசாரிக்க உங்களுக்கு ஆள் பஞ்சம் இருக்காது. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியு சிலவற்றில் தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறுவதை இன்டெலே 2024-இல் ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் 2 வருஷம் நீட்டியது. திருத்தம், விண்டோஸுக்கு முன்பே ஓடும் மென்பொருளான பயாஸின் அப்டேட்டாக வரும். அது இனிமேல் கெடாமல் காக்கும், ஏற்கனவே கெட்டதைச் சரிசெய்யாது. வாங்கிய ரசீது இல்லாமல் தருகிறார் என்றால் விட்டுவிடுங்கள்.

செராஸ் வாசகி: இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கினால் போதும்தானே?

போதாதும்மா. மோடத்திலிருந்து வரும் இன்டர்நெட் வயரான லேன் கேபிளையும் பிடுங்குங்கள்.

ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு ஐயா: விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுபோனதால்தான் ஹேங் ஆகிறதா?

இல்லை ஐயா. 14 அக்டோபர் 2025-உடன் நின்றது இலவசப் பாதுகாப்பு அப்டேட்தான். அதற்காகக் கம்ப்யூட்டர் மந்தமாகாது, ஆனால் வங்கிக் கணக்கை அதில் திறப்பதற்கு முன் யோசியுங்கள். இன்னொன்று, நீங்கள் தினமும் ஷட்டவுன் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ இயங்கினால் அது முழு ஷட்டவுன் இல்லை, விண்டோஸின் உள்நிலை அப்படியே சேமிக்கப்பட்டு மறுநாள் திரும்ப வரும். வாரத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். அப்படியும் நின்றால், எந்த நேரத்தில், எதைத் திறந்திருந்தபோது என்று குறித்து அனுப்புங்கள்.