சபரும் பிள்ளைப்பேறும்: கேள்வி பதில்

கீழக்கரை முதல் தொண்டி வரையிலான கடற்கரை ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், சபர் எனப்படும் வெளிநாட்டு வேலைப் பயணத்தையும் பிள்ளைப்பேற்றையும் பற்றி நம் குழு உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கீழக்கரை): நிக்காஹ் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மச்சான் (என் கணவர்) சபரிலிருந்து இரண்டு முறை, நாற்பது நாட்கள் வீதம், வந்து போனார். இன்னும் பிள்ளை உண்டாகவில்லை என்று மாமியார் என்னைக் குறை சொல்கிறார்.

பதில்: தங்கச்சி, ஓராண்டு முழுவதும் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால்தான் மருத்துவத்தில் அதைக் குழந்தையின்மை என்பார்கள், நீங்கள் இருவரும் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் அந்த ஓராண்டே இன்னும் ஆகவில்லை. கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள் ஒவ்வொரு மாதவிடாய்ச் சுழற்சியிலும் ஏறத்தாழ ஆறுதான். கணவரின் விடுமுறையைச் சிவப்பு மையால் வட்டமிட்ட நாட்காட்டித் தாளோடு ஒரு பெண் என்னிடம் வந்து, அந்த ஆறு நாட்களும் உறவினர் வீட்டு விருந்துகளிலேயே கழிந்துவிட்டன என்று சொல்லி அழுதது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அடுத்த விடுமுறையை உங்கள் சுழற்சியைக் கணக்கிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அவர் வந்த முதல் வாரத்திலேயே விந்துப் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும். கடும் வெப்பத்தில் நெடுநேரம் வேலை செய்வது ஆண்களின் விந்தணுக்களைப் பாதிக்கக்கூடும் என்பதை மாமியாரிடமும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி (பெரியபட்டினம்): கைக்குழந்தைக்கு ஒன்பது மாதம். ஆண்டு முழுவதும் கணவர் ஊரில் இல்லாதபோது கருத்தடை எதற்கு?

பதில்: அவர் ஊரில் இருக்கும் அந்தச் சில வாரங்களுக்காகத்தான். அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். அவர் வருவதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைக்குள் பொருத்தும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டியை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி (பாம்பன்): பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். அவளுக்காகக் கடன் வாங்கி பஹ்ரைனுக்கு மீன்பிடிக்கப் போகலாமா?

பதில்: தம்பி, சபர் பிள்ளையைத் தள்ளிப்போடுவது ஒரு பக்கம் என்றால், பிள்ளை பிறந்ததே தகப்பனைச் சபருக்கு அனுப்புவது இன்னொரு பக்கம். உங்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் முகவர் மத்திய அரசில் பதிவு பெற்றவர்தானா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம், வரி நீங்கலாக, 30,000 ரூபாய்தான். அதற்கு மேல் கடன் பட்டால், அதை அடைக்கும் வரை இரண்டாவது குழந்தையும் தள்ளிப்போகும்; அந்த முடிவை மனைவியோடு கலந்து எடுங்கள்.

கேள்வி (தொண்டி): சவூதியில் குடும்பத்தோடு இருந்தோம். உடன் வசிக்கும் குடும்பத்தாருக்கு அந்நாட்டு அரசு வாங்கும் கட்டணம் தாங்காமல் பிள்ளைகளோடு ஊர் திரும்பிவிட்டேன். அடுத்த குழந்தையை அங்கேயே பெற்றுக்கொள்ளலாமா?

பதில்: 2017-இல் ஆளுக்கு மாதம் 100 ரியாலாகத் தொடங்கிய அந்தக் கட்டணம் 2020-இல் 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். அடுத்த குழந்தையை அங்கேயே பெற்றுக்கொள்ள எண்ணினால், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறந்த ஓராண்டுக்குள் பிறப்பை இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.