கணவருக்கு வேலை போய்விட்டது: வேலை தேடினால் அவிசுவாசமா?

சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "என் கணவருக்கு வயது 47. ஆட்குறைப்பில் வேலை போய் நாலு மாதம் ஆகிறது. எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் ஒரு மூத்த சகோதரர், 'பத்து இடத்துக்கு விண்ணப்பம் போடுவதே அவிசுவாசம், தேவனை முழுசா நம்பு' என்கிறார். சேமிப்பிலிருந்து 2,000 வெள்ளி விதைக் காணிக்கை போட்டால் நூறு மடங்கு திரும்பும் என்றும் சொல்கிறார். கணவர் விண்ணப்பிப்பதை விட்டுவிட்டுக் காலை முழுக்க ஜெபத்தில் இருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர், வீட்டுக் கடன் வேறு. எனக்கு இராத்திரி தூக்கமே இல்லை. பயப்படுவதும் பாவம் என்கிறார்கள். தேவனை நம்புவது என்றால் உண்மையில் என்ன செய்வது?"

சகோதரி, முதலில் அந்த 2,000 வெள்ளியை எங்கேயும் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

பயத்திலிருந்து தொடங்குகிறேன், உங்களைத் தூங்கவிடாதது அதுதானே. சங்கீதம் 56:3-இல் தாவீது, பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன் என்கிறார். பயமே இல்லாத ஆள் பேசும் பேச்சு இல்லை அது. எதிரிகள் கையில் மாட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டே சொல்கிறார். பயமும் நம்பிக்கையும் ஒரே நெஞ்சில், ஒரே இரவில் இருக்கலாம். பயத்தோடு யாரிடம் ஓடுகிறோம் என்பதுதான் கேள்வி. 13-ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே போய், "எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர்?" என்று தேவனிடமே சண்டை போடுகிறது. ஆறே வசனம்தான். இன்று இராத்திரி தூக்கம் வராவிட்டால் அதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

சரி, நம்புவது என்றால் என்ன? தமிழ் வேதாகமத்தில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. நீதிமொழிகள் 3:5-இல் முழு இருதயத்தோடும் கர்த்தரில் 'நம்பிக்கை'யாயிரு என்று வருகிறது, 1 கொரிந்தியர் 13:13-இல் விசுவாசம், 'நம்பிக்கை', அன்பு என்றும் வருகிறது. சொல் ஒன்று, பொருள் இரண்டு. முதலாவது ஓர் ஆள்மேல் முழுப் பாரத்தையும் சாய்ப்பது, இரண்டாவது வரப்போவதை எதிர்பார்த்திருப்பது. நம் ஜெபக்கூட்டங்களில் இவை இரண்டும் குழம்பிப்போய், 'தேவனை நம்பு' என்பது 'இந்த மாதமே வேலை கிடைக்கும் என்று நம்பு' என்று ஆகிவிடுகிறது. அப்புறம் வேலை வராவிட்டால் தேவனே பொய் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது, இல்லையா? நாம் 'ஆமென்' என்று முடிக்கிறோமே, அந்த எபிரெயச் சொல்லின் வேர் உறுதியாக நிற்பதைக் குறிப்பது. அந்த உறுதி தேவனுடைய குணத்தில் இருப்பது. நாம் குறித்து வைத்த தேதியில் இல்லை. சாப்பாட்டுக் கடையில் இடம் பிடிக்க டிஷ்யூ பாக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டு வரிசையில் போய் நிற்கிறோம். பாக்கெட்டுக்கு ஒரு சக்தியும் கிடையாது, இந்த ஊர் ஆட்களைத் தெரியும் என்பதால்தான் வைக்கிறோம். (சில நாள் திரும்பி வந்தால் இடம் போயிருக்கும், அது வேறு கதை.)

இப்போது உங்கள் கணவரிடம் அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தைக் கொடுத்து, முடிந்தால் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். பவுல் கைதியாக ரோமுக்குப் போகும் கப்பல் புயலில் மாட்டுகிறது. ஒருவர் உயிருக்கும் சேதம் வராது, கப்பல் மட்டும் போய்விடும் என்று தேவதூதன் சொல்லிவிட்டான் என்று பவுலே எல்லாருக்கும் அறிவிக்கிறார். கப்பலில் 276 பேர். இதற்குமேல் என்ன வாக்குத்தத்தம் வேண்டும்? ஆனால் மாலுமிகள் சிலர் நங்கூரம் போடுகிற சாக்கில் படகை இறக்கித் தப்பிக்கப் பார்க்கும்போது, அதே பவுல் ரோமப் படைத்தலைவனான நூற்றுக்கு அதிபதியிடம் போய், இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்கிறார். பதினாலு நாளாகப் பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிடச் சொல்கிறார், தானே அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணிப் புசிக்கிறார். பிறகு கோதுமையைக் கடலில் கொட்டிக் கப்பலை இலகுவாக்குகிறார்கள். கடைசியில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் கரை சேர்ந்தார்கள். வாக்குத்தத்தம் இருந்தது என்பதற்காக யாரும் நீந்தாமல் இருக்கவில்லை. கப்பலும் சொன்னபடியே உடைந்துபோனது. உங்கள் கணவரின் பழைய வேலை அந்தக் கப்பலாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. அதே சம்பளத்தில் வேலை வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, அந்த மூத்த சகோதரராலும் முடியாது.

ஜெபமும் வேண்டும்தான். நெகேமியா 2-இல், இடிந்துகிடந்த எருசலேமைக் கட்டப் போக நினைத்த நெகேமியாவிடம் ராஜா "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டதும், பதில் சொல்வதற்கு முன் அந்த இடைவெளியிலேயே அவன் ஜெபிக்கிறான். அடுத்த மூச்சில் கேட்பது என்ன? தேசாதிபதிகளுக்குக் கடிதம், கதவுகளுக்கும் மதிலுக்கும் மரம். ஜெபமும் விண்ணப்பமும் ஒரே பேச்சில்!

ஒரு சந்தேகம் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 47 வயதில் திரும்பத் திரும்ப பதிலே வராமல் போவது ஆண்களை உள்ளுக்குள் உடைக்கும். 2003-இல் சார்ஸ் சமயத்தில் எனக்கும் வேலை போனது. விண்ணப்பம் போட்டால் மறுப்பு வரும், ஜெபித்தால் வராது. அதனால் நானும் நிறைய 'ஜெபித்தேன்'. அப்போது சபையில் ஆளுக்கொரு வசனம் சொன்னார்கள். ஓர் ஆன்ட்டி மட்டும் ஒன்றும் சொல்லாமல் பத்துக் கிலோ அரிசி மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். தேவையானதைக் கொடுக்காமல் வாய்வார்த்தை மட்டும் சொல்லிப் பயனில்லை என்கிற யாக்கோபு 2:16-ஐ நான் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான். அதனால் உங்கள் கணவரை "ஏன் சும்மா இருக்கீங்க" என்று கேட்காமல், "ஒவ்வொரு தடவை மறுப்பு வரும்போதும் எப்படி இருக்கு" என்று கேட்டுப் பாருங்கள்.

கையில் செய்யவேண்டியவை சுருக்கமாக. தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடமோ வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமோ (வீவக) பேசுங்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். முன்பு வாங்கிய சராசரி மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மிகாமல் இருக்க வேண்டும், வேறு நிபந்தனைகளும் உண்டு, விசாரியுங்கள். சிங்கப்பூரர் என்றால் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024-இல் போட்ட 4,000 வெள்ளிப் பயிற்சித் தொகையும், இன்னும் செலவழிக்காவிட்டால், உங்கள் கணவர் கணக்கில் இருக்கும். இதெல்லாம் அவிசுவாசம் என்றால், ஆதியாகமம் 41-இல் ஏழு செழிப்பான வருடமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொன்ன யோசேப்பும் அவிசுவாசிதான். ஐந்தில் ஒன்று என்றால் 20 சதவீதம். 55 வயது வரை நம் சம்பளத்தில் மத்திய சேமநிதிக்குப் பிடிப்பதும் அதேதான். அதை யாரும் அவிசுவாசம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

காணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். 2 கொரிந்தியர் 8:12-இன்படி ஒருவனிடம் உள்ளதை வைத்துத்தான் கணக்கு, இல்லாததை வைத்து அல்ல. அடுத்த அதிகாரம் கட்டாயத்தினால் கொடுக்க வேண்டாம் என்கிறது. தன்னிடமிருந்த இரண்டு காசையும் காணிக்கையாகப் போட்ட ஏழை விதவையைக் காட்டி அந்த மூத்த சகோதரர் உங்களை மடக்கினால், மாற்கு 12-இல் அதற்குச் சற்று முன் 40-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு அங்கே கடுமையாகச் சாடுகிறார். நூறு மடங்கு லாபம் என்று பேரம் பேசிக் கொடுப்பது முதலீடு. அதில் நம்புவது தேவனை அல்ல, வட்டியைத்தான்.

கடிதத்தின் ஓரத்தில் ஒன்று கேட்டிருந்தீர்கள்: பழைய சம்பளத்தில் பாதிக்கு ஒரு பாதுகாவலர் வேலை வந்தது, 'தேவன் இதைவிடப் பெரிது வைத்திருக்கிறார்' என்று கணவர் தள்ளிப்போடுகிறார், என்ன செய்வது என்று. பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்துச் சாப்பிட்டார், அப்போஸ்தலர் 18:3. பெரியது வந்தால் அப்போது மாறிக்கொள்ளலாம். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று நாளைக்கே அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.