மதிமுகம், முகமதி: எது உவமை, எது உருவகம்?

'மதிமுகம்' உவமைத்தொகை ('போல' மறைந்து நிற்கும் ஒப்புமை), 'முகமதி' உருவகம் (இரண்டும் ஒன்றே என்று சொல்வது). சொற்கள் அவையேதான், வரிசைதான் வேறு.

நீங்கள் 'போல' என்ற உருபைத் தேடியிருப்பீர்கள். அது இரண்டிலுமே வெளிப்படையாக இல்லை, அதனால்தான் குழப்பம். உவமை (இங்கே மதி) முன்னால் நின்றால் உவமைத்தொகை. ஒப்பிடப்படும் பொருள் (இங்கே முகம்) முன்னால் நின்று உவமை பின்னால் வந்தால் உருவகம்.

விரித்துப் பாருங்கள்: 'மதி போன்ற முகம்', 'முகமாகிய மதி'. பவளவாய், வாய்ப்பவளம் இரண்டையும் இப்படியே விரித்தால் பிடிபட்டுவிடும்.

ஆனால் 'ஆகிய' பொருந்துவதை மட்டும் வைத்து உருவகம் என்று எழுதிவிடாதீர்கள். 'தாமரைப்பூ'வும் 'தாமரையாகிய பூ' என்றுதான் விரியும். தாமரை உண்மையிலேயே பூ. முகம் உண்மையில் மதி அல்ல. ஒப்புமையே இல்லாததால் தாமரைப்பூ இருபெயரொட்டுப் பண்புத்தொகை (ஒரே பொருளின் சிறப்புப்பெயரும் பொதுப்பெயரும் சேர்ந்து வருவது). தேர்வில் பலர் சறுக்குவது இங்கேதான், கவனமாக இருங்கள்.

'மதிமுகம் வந்தாள்' என்று வாக்கியமாகக் கேட்டால் விடை அன்மொழித்தொகை: அங்கே 'மதி போன்ற முகத்தை உடைய பெண்' என்று, சொல்லில் இல்லாத பெண்ணைக் குறிக்கிறது.