குமரி மாவட்டத்தில் நாடகம், கூத்து, நாட்டியம் நேரில் பார்க்க எங்கே போவது?

கேட்டவர் சென்னையிலிருந்து வேலை மாற்றலில் நாகர்கோவிலுக்கு வந்திருக்கிறார். மார்ச் வரை இங்கேதான். அங்கே மாதம் ஒரு நாடகம், ஒரு நாட்டியம் என்று பார்த்துப் பழகியவர். இங்கே சபா எது, டிக்கெட் எங்கே எடுப்பது என்று கேட்டிருக்கிறார்.

டிக்கெட் எடுத்து ஏசி அரங்கில் உட்காருகிற பழக்கம் எங்கள் ஊரில் வேர் பிடிக்கவே இல்லை. அதைத் தேடிக்கொண்டிருந்தால் மார்ச் வரை வீண். உங்களுக்கு வேண்டியது நோட்டீஸ். கோயில் கொடைக்கும் (அம்மன், மாடன் கோயில் திருவிழாவை இங்கே கொடை என்போம்) சர்ச் திருவிழாவுக்கும் அடிப்பார்களே, அந்த நோட்டீஸ். வடசேரிப் பக்கம் 20 வருஷமாகச் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். இந்த மாவட்டத்தில் எந்த ராத்திரி எங்கே கூத்து என்பது பாதி நேரம் என் மேஜையில் புரூஃபாகக் கிடக்கும். அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பதில்.

கொட்டகை போட்டு நாடகம் நடத்திய காலம் இங்கேயும் இருந்தது. 1908இல் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சின்னப் பையனாக நாடகக் கொட்டகையில் சோடாவும் முறுக்கும் விற்றவர்தான். பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் சேர்ந்து நடிகரானார். அந்தக் கொட்டகைகள் போயே போய்விட்டன. அவர் சினிமாவுக்கும் பொது மேடைக்கும் கொண்டுபோன வில்லுப்பாட்டு மட்டும் இன்னும் பிறந்த இடத்திலேயே, அம்மன் கோயில் வாசலில், ஓலைப் பந்தலுக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பங்குனி, சித்திரை, வைகாசியில் கொடை மழைபோல் கொட்டும். அது உங்களுக்கு இந்தத் தடவை தப்பிவிட்டது. ஆனால் ஆடி வருகிறது. நோட்டீஸில் கால்நாட்டு, குடியழைப்பு, மாக்காப்பு தீபாராதனை என்று வரிசையாகப் போட்டிருக்கும். நடுவில் 'வில்லிசை' என்று ஒரு வரி, பக்கத்தில் புலவர் பெயர். ஊரில் யாரும் 'வில்லிசை' என்று சொல்வதில்லை. 'வில்லு யாரு?' என்றுதான் கேட்பார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள். நல்ல அண்ணாவி, அதாவது வில்லுப்பாட்டின் தலைமைப் பாடகர், என்றால் பெயரைச் சொன்னதுமே சாயாக்கடையில் இரண்டு பேர் தலையாட்டுவார்கள். அந்த ராத்திரியை விடாதீர்கள்.

நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவரை முதல் தடவை கூட்டிக்கொண்டு போனேன். நோட்டீஸில் இரவு 9 மணி. நானே அச்சடித்ததுதான். நாங்கள் எட்டே முக்காலுக்குப் போய் நின்றபோது பந்தலில் மைக் செட்காரரும் இரண்டு நாய்களும் மட்டும்தான். வில்லு தொடங்கியது பதினொன்றுக்கு. நண்பர் அதற்குள் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். மறுவருஷம் அதே கோயிலிலிருந்து நோட்டீஸ் அடிக்க வந்த செயலாளரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் அசரவே இல்லை. "ஒம்பதுன்னு போடுங்க அண்ணாச்சி, அப்பதான் பதினொண்ணுக்காவது ஆளு கூடும்" என்றார்.

வில்லுக்கு நாற்காலி வேண்டாம், தரையில் உட்காருங்கள். அதுவும் குடம் அடிப்பவர் பக்கமாக. நீளமான வில், அதில் வரிசையாக மணிகள். பிரிமணையில் இருத்திய மண்குடத்தோடு வில்லைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அண்ணாவி இரண்டு கையிலும் வீசுகோலை வைத்து நாணைத் தட்ட மணிகள் குலுங்கும். குடத்தின் வாயில் பத்தி என்கிற மட்டையால் அடிக்கும்போது எழும் 'தும்' வயிற்றுக்குள் இறங்கும். உடுக்கை, தாளம், கட்டை எல்லாம் அதைச் சுற்றி. அவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் 'ஆமா' போடுவார்கள். காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் என்று மெதுவாகத்தான் போகும். அந்த முதல் அரை மணி நேரம் பொறுமை வேண்டும். கதைக்குள் இறங்கிவிட்டால் பிறகு எழுந்திருக்க மனசு வராது.

நான் மறக்காத ஒரு ராத்திரி, தோவாளைப் பக்கம் ஒரு சுடலைமாடன் கொடை. மலைக்காற்று பந்தல் ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கதை மயானத்தை நெருங்கியபோது அண்ணாவி பாட்டின் கதியை ஏற்றினார். இதை வரத்துப் பாடுவது என்பார்கள், சாமியை வரவழைக்கிற பாட்டு. நான் அதுவரை சாமியாடியைத்தான் பார்ப்பேன். அன்றைக்கு ஏதோ ஒரு புத்தியில் அண்ணாவியின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண் ஒருவர்மேல் நிலைத்து நின்றது. ஒல்லியான மனுஷன், அரை மணி நேரத்துக்கு முன்னால் கோயிலுக்கு வெளியே எனக்குச் சாயா ஆற்றித் தந்தவர். கை கட்டி ஓரமாக நின்றார். அவர் கால் பெருவிரல் மண்ணில் ஒரு தடவை அழுந்தியது. உடனே அண்ணாவி அடுத்த வரிக்குப் போகாமல் அதே அடியைத் திருப்பினார். இன்னொரு தடவை. குடக்காரர் புரிந்துகொண்டு அடியை இறுக்கினார். நாலாவது தடவை அந்த மனுஷனின் தோள் குலுங்கியது. ஐந்தாவது தடவை அவர் சுடலையாகி நின்றார். சாமியாடிக்குரிய சல்லடம் கட்டி, கையில் வல்லயம் என்கிற ஈட்டியைக் கொடுத்தார்கள். தீப்பந்தத்தோடு மயானத்தைப் பார்த்து ஓடினார். அண்ணாவி வீசுகோலைக் கீழே வைத்து, முகத்தைத் துடைத்து, சுக்குக் காப்பி கேட்டார்.

பக்தி உள்ளவர்கள் அதைச் சாமி என்பார்கள். நானும் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றேன். ஆனால் ஒரு கலைஞன் எதிரே நிற்கிறவன் உடம்பைப் படித்து, அதற்குத் தக்கபடி தன் பாட்டை நீட்டி மடக்குவதை அவ்வளவு பக்கத்தில் நான் வேறு எந்த மேடையிலும் பார்த்ததில்லை. கால்மணி நேர வில்லுப்பாட்டை டிவியில் பார்த்துவிட்டு 'ஓ, இதுதானா' என்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நான் தொழில் தொடங்கியபோது வில்லிசைக்காரர் பெயரைத்தான் நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடச் சொல்வார்கள். இப்போது இன்னிசைக் கச்சேரிக்குக் கலர் போட்டோ, சிங்காரி மேளத்துக்குக் கலர் போட்டோ. வில்லுக்கு ஒரு வரி, அதுவும் இடம் மிச்சமிருந்தால். எங்கள் குடும்பக் கோயில் கமிட்டியே ஒரு வருஷம் வில்லுக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்கியது. வில்லைக் கட்டி வைத்துவிட்டு அண்ணாவி ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். மேடையில் கீபோர்டுக்காரர் சவுண்ட் செக் முடிக்கிற பாடாக இல்லை. அந்த நோட்டீஸை அடித்ததும் நான்தான்.

சரி, அடுத்தது கதகளி. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் பக்கம் போனால் அந்த மலையாள வாசனை இன்னும் போகவில்லை. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்து நாள் திருவிழா. ராத்திரியில் கதகளி ஆடுவது அங்கே வழக்கம். ஐப்பசித் திருவிழா உங்களுக்குச் சரியாக வரும். நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். திரும்பி வர ராத்திரி பஸ்ஸை நம்ப வேண்டாம், வண்டியில் போங்கள்.

ஆட்டம் தொடங்கும் முன் வேஷம் போடுகிற அணியறைப் பக்கம் எட்டிப் பாருங்கள். யாரும் விரட்டமாட்டார்கள். ஒருவர் பாயில் மல்லாந்து படுத்திருப்பார், இன்னொருவர் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் தாடையோரம் அரிசிமாவுக் குழம்பால் சுட்டி கட்டிக்கொண்டிருப்பார். நான் பார்த்த அன்று படுத்திருந்தவர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் பாதி துரியோதனன், பாதி தூங்குகிற மனுஷன். பிறகு எழுந்து கண்ணுக்குள் சுண்டைப் பூவிலிருந்து எடுத்த சின்னப் பொட்டு ஒன்றை இட்டுக்கொண்டு கண்ணை உருட்டினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை விழி முழுக்கச் சிவப்பு. அதே ஆள் நள்ளிரவுக்குமேல் திரைச்சீலைக்குப் பின்னால் உறுமுகிறார். இரண்டு பேர் பிடித்திருக்கும் அந்தச் சீலையின் மேல்விளிம்பை வெள்ளி நகங்கள் பற்றுகின்றன. சீலை ஒரு சாண் இறங்குகிறது, கிரீடமும் கண்ணும் மட்டும் தெரிகின்றன, மறுபடி ஏறுகிறது. திரைநோக்கு என்பது இதுதான். எனக்குப் பக்கத்தில் அம்மா மடியில் இருந்த குழந்தை மூச்சே விடவில்லை.

பதம், அதாவது பாட்டு, மலையாளத்தில் இருக்கும். கதையை முன்பே படித்துக்கொண்டு போனால் போதும். விளக்குக்கு நேர் எதிரே உட்காராமல் கொஞ்சம் பக்கவாட்டில் உட்காருங்கள், கை முத்திரையும் செண்டை அடிப்பவரும் ஒன்றாகத் தெரிவார்கள்.

தோல்பாவைக்கூத்து கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வீட்டில் மராத்தி பேசுகிற குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக இங்கே தமிழில் ராமாயணம் நடத்துகிறார்கள். வெள்ளைத் துணிக்குப் பின்னால் ஒரே மனுஷன் ராமனுக்கும் ராவணனுக்கும் சீதைக்கும் குரல் கொடுப்பார். ஆனால் கூட்டம் சிரிக்கக் காத்திருப்பது கோமாளிப் பாவைகளான உளுவத்தலையனுக்கும் உச்சிக்குடும்பனுக்கும்தான். உள்ளூர் வம்பு முழுக்க அவர்கள் வாயில்தான் வரும். இப்போது கோயிலில் நடப்பது அருமை. பள்ளி, கல்லூரி விழாக்களில்தான் அதிகம் கண்ணில் படுகிறது.

கடற்கரை ஊர்களுக்குப் போனால் கதையே வேறு. சர்ச் திருவிழாவில் கொடியேற்றியதிலிருந்து பத்து நாள், ராத்திரிப் பூசை முடிந்ததும் கலை நிகழ்ச்சி. அதில் ஊர்ப் பையன்களே நடிக்கிற நாடகம் இருந்தால் தேடிப் போங்கள். தேவசகாயம் பிள்ளை நாடகத்தை நான் ஒரு கடற்கரையில் பார்த்தேன். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தவர், 2022 மே மாதம் வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டவர். நடிப்பு என்று பார்த்தால் சுமார்தான். ராஜாவின் மீசை இரண்டு தடவை கழன்றது. ஆனால் சுடுகிற காட்சியில் மேடைக்குப் பின்னால் ஓலைப்படக்கு வெடித்தபோது, சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அந்த மலை பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கும்.

களியலும் சர்ச் விழாக்களிலும் பள்ளி விழாக்களிலும் கிடைக்கும். நடுவில் குத்துவிளக்கு, ஆசான் தாளம் போட்டுப் பாட, சுற்றி நின்று கம்படித்து ஆடுவார்கள். கதி ஏறும்போது ஒரு கம்பு தப்பினால் விரல் போச்சு.

பரதநாட்டியம்? நவராத்திரியில் கோயில்களில் நாட்டியப் பள்ளிப் பிள்ளைகள் ஆடுவார்கள், மார்கழியில் சுசீந்திரம் திருவிழா மேடையிலும் பார்க்கலாம். அரங்கேற்றங்கள் கல்யாண மண்டபங்களில், அழைப்பிதழோடு, இரண்டு மணி நேரம் வாழ்த்துரையோடு. சென்னையில் பார்த்துப் பழகிய உங்களுக்கு இது போதாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பதில் ஒரு பகல் பத்மநாபபுரம் அரண்மனை நவராத்திரி மண்டபத்தைப் போய்ப் பாருங்கள். கல்தூண்கள், முகம் தெரிகிற கறுப்புத் தரை, அந்தப்புரத்துப் பெண்கள் மறைந்திருந்து ஆட்டம் பார்த்த மறைப்பு. திருவிதாங்கூர் தலைநகர் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனபின் நவராத்திரிக் கச்சேரியும் அங்கே போய்விட்டது. இப்போது வருஷா வருஷம் பத்மநாபபுரம் சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் அந்த விழாவுக்கு ஊர்வலமாக இங்கிருந்து புறப்பட்டுப் போகிறார்கள். கச்சேரி கேட்கச் சாமியே வெளியூர் போகிற மாவட்டம் இது. திங்கட்கிழமை அரண்மனை விடுமுறை, அன்றைக்குப் போய் நிற்காதீர்கள்.

ஆடிக் கொடை நோட்டீஸ்கள் வர ஆரம்பித்துவிட்டன. நேற்று ராத்திரி ஒன்று அடித்து முடித்தேன். இசக்கியம்மன் கோயில், வெள்ளிக்கிழமை, வில்லிசை இரவு 9 மணி. நீங்கள் சாப்பிட்டுவிட்டு, ஒரு பெட்ஷீட்டை மடித்து எடுத்துக்கொண்டு, பத்தரைக்குக் கிளம்பினால் போதும்.