மூணு பேனல், மூணு பாஷை, ஒரு கம்ப்யூட்டர்: எதை வாங்கணும், எதை விடணும்

கேள்வி: அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சி பக்கம் எங்க ரைஸ் மில்லு. ட்ரையர் பேனல்ல டெல்டா டிவிபி பிஎல்சி (மெஷினை ஓட்டுற சின்ன கம்ப்யூட்டர்), பாய்லர்ல சீமென்ஸ் எஸ்7-1200, மூட்டை பிடிக்கிற இடத்துல மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யூ, மூணும் மூணு ஆளு போட்டுட்டுப் போனது. டெம்பரேச்சரும் மூட்டைக் கணக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தெரிஞ்சா போதும். ஒருத்தர் மூணையும் தூக்கிட்டு ஒரே கம்பெனி பிஎல்சி போட்டாத்தான் நடக்கும்ங்காரு, இன்னொருத்தர் பெரிய சாப்ட்வேர் வாங்குங்கன்னு கொட்டேஷன் கொடுத்திருக்காரு. யாரு சொல்லுதது சரி?

பதில்: ரெண்டுமே இப்போ வேண்டாம். நல்லா ஓடுற பிஎல்சியைக் கழட்டுனா ப்ரோகிராமை முதல்ல இருந்து எழுதணும், பிசான நெல்லு வந்து குவியுற நேரத்துல ட்ரையர் நின்னா அந்த ஆளா வந்து நெல்லைக் காய வைப்பாரு?

மூணையும் மோட்பஸ்ங்கிற பொதுப் பாஷையில பேச வைக்கலாம். மோடிகான் கம்பெனி 1979ல தன்னோட பிஎல்சிக்குன்னு கொண்டு வந்தது, யாரு வேணும்னாலும் போட்டுக்கிடலாம்னு ஆனதால இன்னைக்கு எனர்ஜி மீட்டர், விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாத்துற ட்ரைவ்), டெம்பரேச்சர் கன்ட்ரோலர் எதுல பாத்தாலும் இருக்கும்.

டெல்டாவுக்குத் தனியா ஒண்ணும் வாங்க வேண்டாம், தூரமா டேட்டா அனுப்புற ஆர்எஸ்-485 போர்ட்டும் மோட்பஸும் உள்ளயே இருக்கு. ஆனா செட்டிங் மாத்தாம இருந்தா அது 9600 பாட் ரேட் (அனுப்புற வேகம்), 7 பிட், ஈவன் பாரிட்டி (பிழை பாக்குற பிட்), 1 ஸ்டாப் பிட், ஆஸ்கி மோடுல இருக்கும் (485 வயருல மோட்பஸ் அனுப்ப ஆஸ்கி, ஆர்டியூன்னு ரெண்டு விதம்), இது தெரியாம கம்ப்யூட்டர்ல 8 பிட் ஆர்டியூன்னு போட்டுட்டு யுஎஸ்பி-485 கன்வெர்ட்டர் சரியில்லன்னு கடைக்காரர்ட்ட சண்டைக்குப் போறவங்க நிறைய. இன்னொண்ணு, அந்த 485 போர்ட்டுல ஏற்கனவே ப்ளோயர் ட்ரைவ் ஏதும் மாட்டியிருக்கான்னு பேனலைத் திறந்து பாத்துக்கிடுங்க, அப்படி இருந்தா கம்ப்யூட்டருக்கு ஆர்எஸ்-232 போர்ட்டுதான் மிச்சம், அது 15 மீட்டருக்கு மேல நம்பி இழுக்க முடியாது.

மிட்சுபிஷியிலதான் காசு போகும், ஏமாறுறதும் இங்கதான். நீங்க வாங்க வேண்டியது எஃப்எக்ஸ்3யூ-485ஏடிபி-எம்பிங்கிற 485 அடாப்டர். கடைசியில அந்த எம்பி இல்லாத மாடலும் கிடைக்கும், பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும், அதுல மோட்பஸ் வராது. அதை பிஎல்சியோட சேக்க எஃப்எக்ஸ்3யூ-சிஎன்வி-பிடின்னு ஒரு சின்ன போர்டும் வேணும், கொட்டேஷன்ல அது இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா பாதி வேலையில நின்னுக்கிட்டு இன்னொரு பில்லு நீட்டுவாங்க. லேடர்லயும் (பிஎல்சி ப்ரோகிராம்) செட்டிங்குக்கு கொஞ்சம் எழுதணும்.

சீமென்ஸுக்கு ஈதர்நெட் போர்ட் இருக்கு, அது வழியா மோட்பஸ் டிசிபி போகும், போர்ட் நம்பர் 502. அதுக்கு டிஐஏ போர்ட்டல்ங்கிற சீமென்ஸ் சாப்ட்வேர்ல ப்ரோகிராமைத் திறந்து எம்பி_சர்வர் ப்ளாக்கை சேக்கணும். அதனால பாய்லர் போட்டவர்ட்ட ப்ரோகிராம் காப்பியும் பாஸ்வேர்டும் கேளுங்க. தர மாட்டேன்னா மட்டும்தான் அந்தப் பெரிய சாப்ட்வேர் பேச்சு, ஓபிசி சர்வர்னு சொல்லுதாங்கள்ல, அது சீமென்ஸ்ட்ட சீமென்ஸ் பாஷையிலயும் மிட்சுபிஷிட்ட மிட்சுபிஷி பாஷையிலயுமே பேசிக்கிடும். கெப்சர்வர் மாதிரி உள்ளது லைசென்ஸ் இல்லாமலே 2 மணி நேரம் டெமோவா ஓடும், உங்க பேனல்லயே மாட்டி எண்ணு வருதான்னு பாத்துட்டுக் காசைப் பத்திப் பேசுங்க. மோட்பஸ் போதும்னா திரையில காட்ட நோட்-ரெட்ங்கிற சாப்ட்வேர் இருக்கு, அது ஃப்ரீ.

கேள்வி: யுஎஸ்பி-485 கன்வெர்ட்டர் ஆன்லைன்ல மலிவா கிடைக்கி, அதே போதுமா? ட்ரையர்ல இருந்து ஆபீஸ் கொஞ்சம் தூரம்.

பதில்: தூரம் பிரச்னை இல்ல, 485 குறைஞ்ச வேகத்துல 1200 மீட்டர் வரைக்கும் போகும். ஆனா மில்லுக்கு ஐசொலேஷன் (ரெண்டு பக்கத்துக்கும் கரண்ட் தொடர்பு இல்லாமப் பிரிச்சு வைக்கிறது) உள்ள கன்வெர்ட்டரே வாங்குங்க. ஐப்பசி கார்த்திகையில நம்ம பக்கம் விழுற இடிக்கு, ஐசொலேஷன் இல்லாததுன்னா கம்ப்யூட்டர் யுஎஸ்பி போர்ட்டையும் சேத்துக் கொண்டு போயிரும். பாய்லர் ஷெட் தனிக் கட்டிடம்னா அங்க இருந்து ஈதர்நெட்டுக்கு ஃபைபர் இழுத்துருங்க, காப்பர் கேபிள் எப்படியும் 100 மீட்டர்தான்.

வயரு ட்விஸ்டட் பேர் ஷீல்டு உள்ளது. ஒரு பேனல்ல இருந்து அடுத்த பேனல்னு தொடர்ச்சியாப் போகணும், நடுவுல கிளை பிரிக்கக் கூடாது, ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர், விஎஃப்டி மோட்டார் கேபிள் ஓடுற ட்ரேயில இதைப் போடவே கூடாது. டெல்டாவும் மிட்சுபிஷியும் ஒரே வயருல வந்தா ஸ்டேஷன் நம்பர் வேற வேற, பாட் ரேட், பாரிட்டி, ஆஸ்கியா ஆர்டியூவாங்கிறது எல்லாம் ஒண்ணு. டேட்டா வரலையா, ஏ, பி வயரை மாத்திப் பாருங்க, சில கம்பெனிக்காரங்க அதைத் தலைகீழாப் போட்டிருப்பாங்க, மாத்துறதால ஒண்ணும் எரியாது.

கேள்வி: வேலை சரியா முடியலேன்னா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: அங்கதான் சிக்கல். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபாரத்துக்கு வாங்குனவரு நுகர்வோர் கணக்குல வர மாட்டாரு. சொந்தமா உழைச்சுப் பொழைக்கிறவரு அந்தப் பொழைப்புக்கு வாங்குனதுன்னா விலக்கு உண்டு, ஆள் வச்சு ஓட்டுற மில்லுன்னா எதிர்த்தரப்பு வக்கீலு முதல்ல அதைத்தான் பிடிப்பாரு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டுக் கேட்டுப் பாக்கலாம், ஆனா அதை நம்பி வேலையைக் கொடுக்காதீங்க.

பர்ச்சேஸ் ஆர்டர்லயே எழுதி வாங்கிருங்க. மாடல் நம்பர் முழுசா, எந்த ரிஜிஸ்டர்ல (பிஎல்சி எண்ணைப் போட்டு வைக்கிற இடம்) எந்த அளவு இருக்குங்கிற லிஸ்டு, மூணு ப்ரோகிராமோட காப்பி, பாஸ்வேர்டு, ஜிஎஸ்டி பில்லு. ட்ரையர் டிஸ்ப்ளேயில உள்ள டெம்பரேச்சரும் கம்ப்யூட்டர்ல உள்ளதும் ஒண்ணா வருதான்னு நீங்களே நின்னு பாக்கணும், ரிஜிஸ்டர் நம்பர் ஒண்ணு தள்ளிப் போனாலோ ரெண்டு ரிஜிஸ்டர் இடம் மாறுனாலோ சம்பந்தமே இல்லாத எண்ணு காட்டும். அது சரியாகுற வரைக்கும் கடைசித் தவணையைக் கையில வச்சுக்கிடுங்க.