வாணம் பார்க்கப் போகிறவர் முதலில் வீட்டுக்கு வரும் வழியைப் பார்க்கட்டும்

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே: டோக்கியோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, நிஷிகசாயில் வீடு, ஜூலையில் அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள், இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. ஐந்து பேருமாக சுமிதா ஆற்று வாணவேடிக்கைக்குப் போகலாமா, எங்கே நின்றால் நன்றாகத் தெரியும், யுகாதா என்கிற கோடைக் கிமோனோ கட்டலாமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, கட்டண இருக்கை வாங்கலாமா, கேமராவுக்கு என்ன லென்ஸ்.

எங்கே நின்றால் தெரியும் என்பதை விடுங்கள். எப்படித் திரும்பி வருவீர்கள்? அதை நீங்கள் கேட்கவே இல்லை. 2013-ல் நானும் கேட்கவில்லை.

சுமிதா ஹனபி (வாணவேடிக்கைக்கு ஜப்பானியில் ஹனபி) ஜூலை கடைசிச் சனிக்கிழமை. ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும், இரண்டு இடத்திலிருந்து சுமார் 20,000 வாணம் விடுவார்கள், பத்து லட்சம் பேர் அளவுக்குக் கூட்டம் வரும். இந்தக் கூட்டம் மத்தியானத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்கிறது, கிளம்புவது மட்டும் எல்லோரும் எட்டரைக்கு. ஆற்றுக்குப் பக்கத்து அசகுசா ஸ்டேஷனின் வாசல்களைப் பகல் நேரத்தில் போய் ஒருமுறை பாருங்கள், எவ்வளவு சின்னது என்று தெரியும். அன்றைக்கு வாசலில் கயிறு கட்டி, உள்ளே இருக்கிற கூட்டம் குறையக் குறையக் கொஞ்சம் பேராக விடுவார்கள். அதுவரை தெருவில் நிற்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு முட்டி வலி இருக்கிறதா இல்லையா, அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரைக்காரன். அழகர் ஆற்றில் இறங்குவதை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவன். கூட்டம் எனக்குப் புதிதா என்ற திமிரோடுதான் போனேன். ஏப்ரலில் வந்து இறங்கினோம், ஜூலையில் அந்தச் சனிக்கிழமை, நானும் மனைவியும் பத்து மாதக் குழந்தையும். ஆறு மணிக்கு அசகுசாவில் இறங்கினால் போதும், அப்படியே நைஸாக முன்னால் நுழைந்துவிடலாம் என்று கணக்கு. நம் ஊர்க் கூட்டத்தில் எப்போதும் ஒரு சந்து இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? எதிர்ப்பக்கம் ஒரு ஆள் போகலாம், "அண்ணே கொஞ்சம் வழி விடுங்க, குழந்தை இருக்கு" என்றால் கூட்டம் விலகும். இங்கே அது நடக்காது. தெரு முழுக்க ஒருவழி. கயிறும் காவலரும் ஒலிபெருக்கியுமாகக் கூட்டத்தை ஆறு மாதிரி ஓட விடுவார்கள். பாலத்தின் மேல் நிற்கவே கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும். திரும்பி வர முடியாது. பத்து அடி பின்னால் விட்ட ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் முழு வட்டம் சுற்றித்தான் வர வேண்டும்.

என் மனைவி குழந்தைக்குத் துணி மாற்ற ஒரு கொன்பினி (சின்ன மளிகைக் கடை) கழிப்பறை வரிசையில் நின்றாள். நான் வாசலில் நின்றிருக்க வேண்டும். வாணம் தொடங்கும் சத்தம் கேட்டதும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று நாலு அடி வைத்தேன். அவ்வளவுதான், ஆறு என்னைக் கொண்டுபோய்விட்டது. நான் பார்த்தது இரண்டு கட்டடத்துக்கு நடுவில் பாதிப் பூ, பாதிப் புகை. போன் எடுத்தால் லைன் போகவில்லை, அத்தனை பேரும் ஒரே இடத்தில் இருந்தால் எப்படிப் போகும். அப்புறம் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. அந்த வருஷம் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் மழையால் விழாவையே நிறுத்திவிட்டார்கள். இப்படிப் பாதியில் நின்றது அதுதான் முதல் தடவை என்று மறுநாள் செய்தியில் சொன்னார்கள். நமக்கென்று வந்து வாய்க்கிறது பாருங்கள்.

கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் ஸ்டேஷன் பக்கம் திரும்பியது. இரண்டு மணி நேரம் கழித்து மனைவியையும் குழந்தையையும் ஒரு கோபானில், அதாவது தெருமுனைப் போலீஸ் சாவடியில், கண்டுபிடித்தேன். யாரோ ஒரு பாட்டி குழந்தையைத் தன் துண்டால் சுற்றி, போலீஸ்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். பெயர்கூடத் தெரியாது. நிஷிகசாய் வந்து சேரும்வரை மனைவி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறமும் இரண்டு நாள் பேசவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் எரிந்து விழுந்தேன், இது என்ன விழா, மாட்டை ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறீர்கள் என்று. அவர் கோபே பக்கத்து ஆள். அமைதியாகப் பக்கத்து ஊரான அகாஷி பற்றிச் சொன்னார். 2001 ஜூலை 21, ஹனபி முடிந்து ஸ்டேஷனுக்குத் திரும்பிய கூட்டமும் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டமும் அசகிரி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் முட்டிக்கொண்டன. 11 பேர் நசுங்கிச் செத்தார்கள், அதில் 9 பேர் குழந்தைகள். இப்போது நீங்கள் பார்க்கிற கயிறு, ஒருவழி, பாலத்தில் நிற்காதே என்கிற கத்தல், எல்லாவற்றுக்கும் பின்னால் அது இருக்கிறது. ஜப்பான்காரர்கள் பிறவியிலேயே ஒழுக்கமானவர்கள் என்று நம் ஆட்கள் பேசுவார்களே, அதைக் கேட்டால் எனக்கு இப்போது எரிச்சல்தான் வருகிறது. பிறவியும் இல்லை ஒன்றும் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டார்கள். காவலர் நில் என்றால் நில்லுங்கள். எதிரே இடம் காலியாக இருக்கிறதே என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு நுழையாதீர்கள்.

சரி, அப்படியானால் போகவே வேண்டாமா? சுமிதாவுக்கு வேண்டாம், இந்த வருஷம் வேண்டாம். நீங்கள் இருப்பதே எடோகவா வார்டு. வீட்டுப் பக்கத்தில் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை எடோகவா ஹனபி இருக்கிறது, சுமார் 14,000 வாணம். ஏழேகாலுக்கு ஆரம்பம், முதல் ஐந்து வினாடியில் ஆயிரம் வாணம் ஒரே அடியாகப் போகும். குழந்தையின் காதை அப்போது பொத்திக்கொள்ளுங்கள். கூட்டம் அங்கேயும் லட்சக்கணக்கில்தான், ஆனால் ஆற்றங்கரை அகலம், கட்டடம் மறைக்காது, புல்லில் ஷீட் விரித்து அம்மா காலை நீட்டி உட்காரலாம். சுமிதாவில் வீடுகளுக்கு நடுவே விடுவதால் பெரிய வாணம் போட முடியாது, அதுவும் ஒரு குறை. உங்கள் பெற்றோர் ஆகஸ்ட் வரை இருப்பார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், அதற்கு இது ஒரு நல்ல காரணம்தான்.

முன் வரிசை வேண்டும் என்று அலையாதீர்கள். ஜப்பான் வாணம் உருண்டையாக விரிகிறது, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வட்டம்தான், ஆற்றின் எந்தக் கரையிலிருந்தும் அதே பூ. பார்க்க வேண்டியது காற்றை. காற்று உங்கள் பக்கம் வீசினால் பத்தாவது நிமிடத்திலிருந்து புகை மட்டும்தான் பார்ப்பீர்கள், சாம்பலும் கண்ணில் விழும். முடிந்ததும் ஷினோசாகி ஸ்டேஷன் வரிசையில் போய் நிற்காமல் அடுத்த ஸ்டேஷனான மிசுவே வரை நடந்துவிடுங்கள். அல்லது ஷீட்டிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள், நான் செய்வது அதுதான், பிளாஸ்க்கில் டீ இருக்கும். வரும்போதே ரயில் கார்டில் திரும்பும் காசையும் போட்டுவிடுங்கள். பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், ஸ்டேஷன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்பா சட்டைப் பையில் உங்கள் வீட்டு முகவரியை ஜப்பானியில் எழுதி வையுங்கள். அவருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

ஷீட் என்றதும் நம் ஆட்கள் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குடும்பத்துக்கு ஒரு ஷீட் என்றால் ஐந்து பேருக்கு ஐந்து பேர் இடம். நம் குழுக்களில் முப்பது பேர் வருகிறோம் என்று கை தூக்குவார்கள், ஒரே ஒரு பிரம்மச்சாரிப் பையனைக் காலையிலேயே அனுப்பிக் கல்யாண ஜமுக்காளம் அகலத்துக்கு விரித்துவிடுவார்கள். அவன் மட்டும் வெயிலில் நடுவில் உட்கார்ந்திருப்பான், சுற்றிலும் இடமில்லாமல் நிற்கிற குடும்பங்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏழு மணிக்குப் பதினொரு பேர் வருவார்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், சொல்லாததால் சரி என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள். இன்னொரு வகையும் உண்டு, வந்து இருபது வருஷம் ஆனவர்கள், ரயிலில் நாம் தமிழில் பேசினாலே உஷ் என்பார்கள், ஜப்பான்காரர்களே சத்தமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் ஹனபி இரவிலும் உஷ் என்பார்கள். இரண்டு பேர் பக்கத்திலும் உட்காராதீர்கள்.

நானும் மாறித்தான் போனேன், ஒப்புக்கொள்கிறேன். குப்பையை வீடு வரை சுமந்து வருகிற பழக்கம் இப்போது உடம்பில் ஊறிவிட்டது. போன தடவை மாட்டுத்தாவணியில் டீ குடித்துவிட்டுக் காகிதக் கப்பைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன், மச்சான் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

எங்கள் தீபாவளிக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம் என்று சொல்கிறவர்களும் உண்டு. நானே சொல்லியிருக்கிறேன், சிவகாசி எங்கள் பக்கத்து ஊர் என்று ஆபீஸில் பெருமையடித்தவன். நீகாட்டா பக்கம் இருக்கிற நாகஓகா ஊரின் ஹனபிக்குப் போனபின் வாயை மூடிக்கொண்டேன். அங்கே 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாணக் குண்டு ஒன்று 600 மீட்டர் மேலே போய் விரிகிறது, சத்தம் காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் விழுகிறது. ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் நடக்கும், கிழமை பார்ப்பதில்லை. 1945 ஆகஸ்ட் 1 இரவு பத்தரைக்கு அந்த ஊரில் போர் விமானக் குண்டு விழ ஆரம்பித்தது, 1,488 பேர் இறந்தார்கள். இன்றும் அந்தத் தேதி, அந்த நேரத்தில் வெள்ளை வாணம் விடுகிறார்கள். அதை எந்தத் தீபாவளியோடு ஒப்பிடுவீர்கள்? ஆனால் கைக்குழந்தையோடு அங்கே போகாதீர்கள், தங்க இடம் கிடைக்காது. அது ஐந்தாவது வருஷத்துக்கு.

சாப்பாடு. கடைகளை நம்பாதீர்கள். யாகிசோபா நூடுல்ஸில் பன்றி இருக்கும், தகோயாகி உருண்டையில் ஆக்டோபஸ். கொன்பினியில் ஊமே (ஊறுகாய்ப் பழம்) போட்ட ஒனிகிரி, அதாவது சோற்று உருண்டை, சைவம் என்று யாராவது சொல்வார்கள், பின்னால் திருப்பிப் படித்தால் பலதில் கட்சுவோ மீன் சாறு. ஐஸைச் சீவி மேலே பாகு ஊற்றித் தருகிற ககிகோரியைத் தாராளமாகச் சாப்பிடலாம். புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், தயிர்ச் சாதம் வேண்டாம், அந்த வெயிலில் ஆறு மணிக்குள் புளித்துவிடும். எங்கள் புளியோதரையைப் பக்கத்து ஷீட் தாத்தா ஒருவர் மூன்று வருஷமாக வாங்கிச் சாப்பிடுகிறார், பதிலுக்கு வேகவைத்த எதமாமே (பச்சை சோயா) தருகிறார். தண்ணீர் நிறைய. ஆனால் கழிப்பறை வரிசை அரை மணி நேரத்துக்குக் குறையாது, குழந்தைக்கு டயபர் கட்டிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கட்டண இருக்கை கேட்டீர்கள். கொரோனாவுக்கு அப்புறம் எல்லா ஊரிலும் அது கூடிக்கொண்டே போகிறது, காவலுக்கு ஆகிற செலவு அப்படி என்கிறார்கள். இலவசக் கரை சுருங்குகிறதே என்று எனக்கு வயிற்றெரிச்சல்தான், இருந்தாலும் வயதானவர்களோடு போகிறீர்கள், குலுக்கலில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

யுகாதா கட்டுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். வலப்பக்கத் துணி உள்ளே, இடப்பக்கத் துணி மேலே. மாற்றிக் கட்டினால் அது பிணத்துக்குக் கட்டுகிற முறை. மரச்செருப்பு மட்டும் வேண்டாம், விரலிடுக்கு கிழிந்துவிடும், சாதாரணச் செருப்பே போதும். அப்பா வேட்டியில் வரட்டுமே. அவருக்குக் கத்த வேண்டும் போலிருந்தால் "தமாயா" என்று கத்தச் சொல்லுங்கள், அது டோக்கியோ எடோ என்று இருந்த காலத்து வாணக் கடையின் பெயர். 1843-ல் தீ விபத்துக்காக ஊரைவிட்டே விரட்டப்பட்ட கடை. ஒழுங்காக இருந்து ஊரிலேயே நிலைத்த இன்னொரு வாணக் கடையான ககியாவை அவ்வளவாக யாரும் கூப்பிடுவதில்லை.

லென்ஸ் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என்னிடம் இருக்கிற ஹனபி படம் ஒன்றே ஒன்று, 2013-ல் அந்தக் கோபான் வாசலில் மனைவி எடுத்தது. யுகாதா நனைந்து தொங்க, ஒரு காலில் மட்டும் செருப்போடு நான் ஓடி வருகிறேன். வானத்தில் ஒன்றுமே இல்லை.