அப்பாவின் ரத்தத்தில் இருந்து ஸ்டெம் செல்: கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, பார்க்கின்சன் நோய். ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தால் அதை ஸ்டெம் செல்லாக மாற்றி பயோபேங்கில் (ஆராய்ச்சிக்கான செல் சேமிப்பகத்தில்) வைப்போம் என்கிறார்கள். இதெல்லாம் நடக்கிற காரியமா? அவருக்குக் குணமாகுமா?
- வாசகர், திருச்சி

பதில்: நடக்கிற காரியம்தான். 2006-ல் ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா, நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் முதிர்ந்த செல்லை, எந்த உறுப்பின் செல்லாகவும் வளரக்கூடிய கருநிலைச் செல் போல, அதாவது ஸ்டெம் செல்லாக மாற்றிக் காட்டினார். அடுத்த ஆண்டே மனிதச் செல்லிலும் செய்தார். 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சிவப்பணுவில் மரபணுக்களைத் தாங்கும் உட்கரு கிடையாது. அதனால் ரத்தத்தில் இருந்து வெள்ளையணுக்களைப் பிரிப்பார்கள். அந்த நான்கு மரபணுக்களைப் பெரும்பாலும் செண்டாய் என்ற வைரஸ் மூலம் உள்ளே அனுப்புவார்கள். அது நம் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளாது. மூன்று வாரம் வாக்கில், ஓரம் தெளிவாக, மாறிய செல்களின் தட்டையான சிறு திட்டுகள் தெரிய ஆரம்பிக்கும். அவற்றைத் தனித்தனியே வளர்த்து, குரோமோசோம்களைச் சரிபார்த்து, குப்பிகளில் அடைத்து திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள். அப்பாவுக்கு ஊசி குத்தும் வலி மட்டும்தான். அவர் உடம்புக்குள் எதுவும் போகாது.

பார்க்கின்சன் நோயில், உடல் அசைவுக்கு உதவும் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் மூளைச் செல்கள் மடிகின்றன. உயிரோடு இருப்பவரிடம் அவற்றை எடுத்துப் பார்க்க வழியில்லை. ஆனால் இந்த ஸ்டெம் செல்லில் இருந்து, அப்பாவின் மரபணுக்களோடு அதே நரம்புச் செல்லை ஆய்வகத்தில் வளர்த்து, ஏன் மடிகிறது, எந்த மருந்து காப்பாற்றும் என்று சோதிக்கலாம். அதற்காகவே, கொடுங்கள் என்பேன்.

ஆனால் இதனால் அப்பாவுக்குக் குணமாகும் என்று நம்பிவிடாதீர்கள். ஜப்பானின் கியோட்டோவில் 2018 முதல் சிலருக்கு இத்தகைய நரம்புச் செல்களை மூளையில் வைத்து ஆய்வு நடந்தது. அவைகூட நோயாளிகளின் சொந்தச் செல்கள் அல்ல, ஆரோக்கியமான ஒரு கொடையாளரின் ரத்தத்தில் இருந்து உருவாக்கிச் சேமித்தவை. எனவே மாத்திரைகளை நிறுத்தவே கூடாது.

'பிற்காலத்துக்கு உதவும், பணம் கட்டிச் சேமியுங்கள்' என்று யாராவது வந்தால் கட்டாதீர்கள். 2017-ல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தொப்புள்கொடி ரத்தம் தவிர வேறெதையும் வணிக ரீதியில் சேமிக்க அனுமதி இல்லை.

சரி, கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: பெயருக்குப் பதில் குறியீடு போடுவார்களா, செல்களை மருந்து நிறுவனங்களுக்குக் கொடுப்பார்களா, பரம்பரைக் கோளாறு தெரிந்தால் சொல்வார்களா, பின்னால் மனம் மாறினால் விலக முடியுமா? ஏற்கெனவே வெளியே அனுப்பிய செல்களைத் திரும்பப் பெறுவது கடினம். அப்பா தெளிவாக இருக்கும்போது அவரே கேட்டு முடிவு செய்யட்டும், அவருக்காக நீங்கள் முடிவெடுக்க வேண்டாம்.